தம்பிக்கு ரஃபேல்... தாத்தாவுக்கு டகோட்டா! - மெரினா வான் சாகசத்துக்குப் போய்வந்த ஒரு திருவொற்றியூர் குடும்பத்தின் கதை

"ஏம்மா கண்ணு, அந்த டகோட்டா வருதாமே... நெசமா?"

2024 அக்டோபர் முதல் வாரம். திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்துத் தெருவில், எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். அவருக்கு வயது 84. துறைமுகத்தில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கல்யாணம், சினிமா, கோயில் என்று எதற்குக் கூப்பிட்டாலும், "நீங்க போய்ட்டு வாங்க, நான் வீட்டப் பாத்துக்குறேன்" என்பதுதான் அவரது பதில். அப்படிப்பட்டவர் தானாக வாய் திறந்து ஒன்றைக் கேட்டது, எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் முறை.

இந்திய விமானப் படையின் 92-வது ஆண்டு விழாவையொட்டி, அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி முதல் 1 மணி வரை மெரினாவில் வான் சாகச நிகழ்ச்சி என்று அறிவித்திருந்தார்கள். சென்னையில் 2003-க்குப் பிறகு, 21 வருடங்கள் கழித்து நடக்கும் பெரிய நிகழ்ச்சி. ரஃபேல், சுகோய், தேஜஸ், மிக்-29, சூர்யகிரண், சாரங் என்று 72 விமானங்களும் ஹெலிகாப்டர்களும் வருவதாகச் செய்திகள் வந்துகொண்டிருந்தன.

ஒன்பதாவது படிக்கும் அத்தை பையனுக்கு ரஃபேல் பைத்தியம். "அக்கா, நான் வருவேன்" என்று முதல் நாளே பையைத் தூக்கிக்கொண்டு ராயபுரத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டான். அந்தப் பட்டியலில் இருந்த இரண்டு பழைய பெயர்களை அவன் கவனிக்கவே இல்லை. டகோட்டா, ஹார்வர்ட். தாத்தா கவனித்தது அந்த இரண்டை மட்டும்தான்.

'சத்தம் கேட்டா எங்கம்மா உள்ள ஓடிடும்!'

"நீங்க டகோட்டால போயிருக்கீங்களா தாத்தா?" என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா போறது? தலைக்கு மேல போறதப் பாத்திருக்கேன். மீனம்பாக்கத்துலேர்ந்து கெளம்பிப் போவும். சத்தத்த வச்சே சொல்லிடுவேன். ஆனா எங்கம்மாவுக்கு மட்டும் அந்தச் சத்தமே ஆகாது. ஏரோப்ளேன் சத்தம் கேட்டா, துணி காயப் போட்டுனு இருந்தாலும் அப்டியே போட்டுட்டு உள்ள ஓடிடும்."

காரணம், 1942. அந்த வருடம் ஏப்ரலில், ஜப்பான் தாக்கப்போகிறது என்ற பயத்தில் மெட்ராஸ் நகரமே காலியானது. அரசு அலுவலகங்களை வெளியூர்களுக்கு மாற்றினார்கள். குண்டு விழுந்து விலங்குகள் தப்பி ஓடினால் ஆபத்து என்று, அப்போது பார்க் டவுனில் இருந்த மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். துறைமுகத்தை ஒட்டி வாழ்ந்த வடசென்னை மக்களுக்குப் பயம் இன்னும் அதிகம். எதிரி குண்டு போட்டால் முதலில் துறைமுகத்தில்தானே போடுவான்? இரண்டு வயதுக் குழந்தையான தாத்தாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவருடைய அம்மா பொன்னேரிப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டாராம். பயந்தபடி அப்போது பெரிய தாக்குதல் எதுவும் நடக்கவில்லை. ஆனால், மறு வருடம் 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் வந்து துறைமுகப் பகுதியில் குண்டு போட்டுவிட்டுப் போனது.

"அம்மாவுக்கு ஏரோப்ளேன்னா குண்டு. எனக்கு ஏரோப்ளேன்னா இன்ஜின். அவ்ளோதான் வித்தியாசம்" என்று சிரித்தார் தாத்தா.

சென்னைக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1910-லேயே இங்கே விமானம் பறந்திருக்கிறது. மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்ப்சன் நிறுவனத்தின் உதவியுடன் ஒரு விமானத்தைக் கட்டிப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். பிறகு தீவுத்திடலில் பொதுமக்களுக்கும் பறந்து காட்டியதாக, சென்னையின் வரலாற்றை எழுதிய எஸ்.முத்தையா பதிவு செய்திருக்கிறார். டிக்கெட் வாங்கிக்கொண்டு வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கம் நம்ம ஊருக்கு நூறு வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது.

டகோட்டா யார்?

வீட்டில் அம்மாவுக்கு மட்டும் சம்மதம் இல்லை. "இந்த வயசுல வெயில்ல எதுக்கு? டி.வி-ல காட்டுவாங்க இல்ல?" என்றார். "டி.வி-ல இன்ஜின் சத்தம் சரியா கேக்காதுமா" என்றார் தாத்தா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நான்தான் பொறுப்பேற்றுக்கொண்டேன்.

முந்தைய நாள் இரவு, அத்தை பையனுக்கும் எனக்கும் சேர்த்து தாத்தா ஒரு வகுப்பே எடுத்தார். அவர் சொன்னதையும் நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் டக்ளஸ் நிறுவனம் உருவாக்கிய டிசி-3 விமானம் முதன்முதலில் பறந்தது 1935 டிசம்பர் 17 அன்று. அதன் ராணுவ வடிவத்துக்கு இங்கிலாந்து விமானப் படை வைத்த பெயர்தான் டகோட்டா. இரண்டாம் உலகப் போரின்போது 10,000-க்கும் அதிகமாகத் தயாரித்துத் தள்ளினார்கள். இரண்டு இன்ஜின்கள். ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள், சுமார் 1,200 குதிரைத் திறன். தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு, வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கும். சிறிய ஓடுதளம், கரடுமுரடான மைதானம் எதிலும் இறங்கிவிடும். அதுதான் அதன் பெரிய பலம்.

அந்தப் பலம் நம் நாட்டுக்கு மிகவும் தேவைப்பட்டது 1947 அக்டோபர் 27 அன்று. காஷ்மீரைக் காப்பாற்ற, சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாலியன் வீரர்களை டெல்லியிலிருந்து ஏற்றிக்கொண்டு டகோட்டாக்கள் ஸ்ரீநகரில் இறங்கின. மறு வருடம் மே மாதம், விமானப் படை அதிகாரி மெஹர் சிங், கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கும் மேலே இருக்கும் லே பகுதியில், அவசரமாகச் சீர்செய்த ஒரு மண் ஓடுதளத்தில் டகோட்டாவை இறக்கினார். பின்னாளில் ராணுவத் தலைமைத் தளபதியான திம்மையாவும் அந்த விமானத்தில் இருந்தார்.

போருக்கு மட்டும் பயன்பட்ட விமானம் இல்லை இது. 1949-ல் தொடங்கிய இரவு விமானத் தபால் சேவையில், டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கு ஊர்களிலிருந்தும் கிளம்பும் விமானங்கள் நள்ளிரவில் நாக்பூரில் கூடும். அங்கே மூட்டைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பும். அந்த வேலையிலும் டகோட்டாக்கள் உழைத்தன. "மெட்ராஸ்ல போட்ட லெட்டர் மறுநாள் டெல்லில கெடைக்கும்மா, அந்தக் காலத்துலயே" என்றார் தாத்தா.

1980-களோடு விமானப் படையில் டகோட்டாவின் வேலை முடிந்தது. இப்போது பறப்பது, கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு விமானத்தை வாங்கி இங்கிலாந்தில் புதுப்பித்தது. வாங்கிக் கொடுத்தவர், அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர். அவருடைய அப்பா விமானப் படையில் டகோட்டா ஓட்டியவர். 2018 ஏப்ரலில் கோவென்ட்ரி நகரத்திலிருந்து கிளம்பிய அந்த விமானம், வழியில் பல நாடுகளில் இறங்கி இறங்கிக் குஜராத்தின் ஜாம்நகருக்குப் பறந்தே வந்து சேர்ந்தது. 'பரசுராமா' என்று பெயர். வாலில் இருக்கும் எண் விபி 905. 1947-ல் ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் அது. விமானம் வேறு, எண் மட்டும் அதன் நினைவாக.

ஹார்வர்ட், அதே காலத்துப் பயிற்சி விமானம். ஒரே இன்ஜின், 600 குதிரைத் திறன், முன்னும் பின்னுமாக இரண்டு பேர் உட்காரலாம். நம் விமானப் படையின் ஒரு தலைமுறை விமானிகள் பறக்கக் கற்றது இதில்தான்.

"அந்த மாதிரி இன்ஜின எடுத்த ஒடனே ஸ்டார்ட் பண்ணக் கூடாதுடா" என்று தம்பியிடம் கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினார் தாத்தா. "ராத்திரி பூரா நின்னுச்சுன்னா, கீழ இருக்குற சிலிண்டர்ல ஆயில் எறங்கித் தேங்கிக்கும். மொதல்ல காத்தாடியக் கையால தள்ளிச் சுத்தி ஆயில வெளிய எடுக்கணும். அப்றம்தான் சாவி. வயசானவன எழுப்புற மாதிரிதான். மெதுவா, பக்குவமா."

நடந்தோம்... நடந்துகொண்டே இருந்தோம்!

ஞாயிறு காலை 7.30-க்கு தேரடி மெட்ரோவில் ஏறினோம். வழக்கமாகக் கடற்கரைக்குப் போக வேண்டுமென்றால், பீச் ஸ்டேஷனில் இறங்கிப் பறக்கும் ரயில் பிடிப்பது வடசென்னைக்காரர்களின் வழி. ஆனால், நான்காவது பாதை போடும் பணிக்காக, பீச்சிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை பறக்கும் ரயில் 2023 ஆகஸ்ட்டிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. (வான் சாகசம் முடிந்து மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 29-ல்தான் மறுபடி ஓடத் தொடங்கியது.) அதனால் மெட்ரோவில் அரசினர் தோட்டம் வரை போய், அங்கிருந்து வாலாஜா சாலை வழியாக நடப்பதுதான் எங்கள் திட்டம்.

நாங்கள் மட்டுமா அப்படித் திட்டம் போட்டிருப்போம்? வாலாஜா சாலையில் கால் வைத்தபோதே புரிந்துவிட்டது. கைக்குழந்தையோடு அப்பா, பூ வைத்த பாட்டி, கல்லூரிப் பிள்ளைகள், தோளில் மகனைத் தூக்கிய மீனவ அண்ணன். பண்டிகைக்குப் போகிற மாதிரிதான் எல்லோரும் வந்திருந்தார்கள். யார் முகத்திலும் கவலை இல்லை. அன்று மெரினாவுக்கு வந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர் என்று பிறகு சொன்னார்கள்.

என் பையில் இருந்தவை: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, பிஸ்கட் பாக்கெட் இரண்டு, ஒரு சிறிய குடை, போன் சார்ஜர். மூன்று பேருக்கு ஒரு லிட்டர் தண்ணீர்! 'பீச்ல வாங்கிக்கலாம்' என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

9.30-க்கெல்லாம் மணலுக்கு வந்துவிட்டோம். மெரினாவில் காற்று உண்டு, கடல் உண்டு, நிழல்தான் கிடையாது. குடையை தாத்தாவுக்குப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நிகழ்ச்சி தொடங்குவதற்குள்ளேயே பாட்டில் காலி.

முக்கால் நிமிட அதிசயம்

11 மணிக்குத் தொடங்கியது. கருடா கமாண்டோக்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கினார்கள். வீரர்கள் பாராசூட்டில் மிதந்து வந்தார்கள். பிறகு ஜெட் விமானங்கள். ரஃபேல் வந்தபோது தம்பி கத்திய கத்தில் என் காது அடைத்தது. ஜெட் விமானத்தில் ஒரு சிக்கல் உண்டு. சத்தம் வரும் திசையில் பார்த்தால் விமானம் அங்கே இருக்காது. அது எப்போதோ முன்னால் போயிருக்கும். 'எங்க, எங்க?' என்று தேடுவதற்குள் கலங்கரை விளக்கத்தைத் தாண்டிவிடும்.

அப்போதுதான் தாத்தா என் கையைத் தொட்டார். "வருது."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. சுற்றிலும் லட்சம் பேர் சத்தம். ஆனால், ஐம்பது வருடம் இன்ஜின்களோடு பழகிய காது அது. சில விநாடிகள் கழித்துத்தான் எனக்கும் கேட்டது. ஜெட்டின் கிழிக்கிற சத்தம் இல்லை. கனமான, ஒரே சீரான 'கும்ம்ம்' என்ற முழக்கம். பழைய மாவு மில்லுக்குள் நிற்பது போல இருந்தது. பிறகு கண்ணுக்குத் தெரிந்தது. உருண்டையான மூக்கு, அகலமான இறக்கை, சுற்றும் இரண்டு காத்தாடிகள். டகோட்டா!

அவசரமே படாமல் கடலோரமாக வந்தது. நேப்பியர் பாலத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரை சுமார் 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஜெட் அதைப் பத்துப் பன்னிரண்டு விநாடியில் கடந்துவிடும். டகோட்டாவுக்கு முக்கால் நிமிடம் ஆகும். அந்த முக்கால் நிமிடமும் நாம் அதைப் பார்க்கலாம். ஜன்னல் தெரிகிறது, வால் தெரிகிறது, காத்தாடி சுற்றுவது தெரிகிறது. பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பெண், "அப்பா, இதான் நெஜ ஏரோப்ளேன்" என்றாள். குழந்தைகள் படம் வரைந்தால் வரும் விமானம் அப்படித்தானே இருக்கும்?

ஹார்வர்டும் பறந்தது. சின்ன விமானம், பெரிய தொண்டை. அதன் காத்தாடி முனை ஒலியின் வேகத்தை நெருங்கிச் சுழலுவதால் வரும் உறுமல் அது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நவீன விமானங்களுக்கு நடுவே இரண்டும் ஏதோ கல்யாண வீட்டில் வேட்டி கட்டி வந்த பெரியவர்கள் போல இருந்தன.

போன் கேமராவை எடுக்க மறந்துவிட்டேன். தாத்தாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குடையை விலக்கிவிட்டு, வெயிலில் கண்ணுக்கு மேல் கை வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி பார்த்தார். அது கண்ணிலிருந்து மறைந்த பிறகும் கையை இறக்கவில்லை.

"அம்மா இருந்திருந்தா இட்டுனு வந்திருப்பேன்" என்றார். "பயப்படாதம்மா, குண்டு இல்ல, சும்மா காட்றாங்கன்னு சொல்லியிருப்பேன்."

'ஷிஃப்ட் முடிஞ்சுதா?'

1 மணி. நிகழ்ச்சி முடிந்தது. காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்த கூட்டம், ஒரே நேரத்தில் எழுந்தது. அத்தனை பேருக்கும் ஒரே யோசனை: வீட்டுக்குப் போக வேண்டும். சாலை நகரவே இல்லை. உச்சி வெயில் நேராகத் தலையில் இறங்கியது. தண்ணீர் பாட்டில் விற்றவர்களிடம் சரக்கு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. ஒரு கையில் தாத்தா, ஒரு கையில் தம்பி என்று தள்ளுமுள்ளுக்குள் அரை அடி அரை அடியாக நகர்ந்தேன்.

அரை மணி நேரம் கழித்து தாத்தா நின்றுவிட்டார். "கால் வரல கண்ணு" என்றார். முகம் வெளுத்திருந்தது. நெற்றியில் வியர்வையே இல்லை. தொட்டால் கொதித்தது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஷிஃப்ட் முடிஞ்சுதா? சங்கு ஊதிட்டாங்களா?"

எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. தம்பி அழத் தொடங்கிவிட்டான்.

காப்பாற்றியவர், நடைபாதையில் மாங்காய் பத்தை விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா. "இன்னா பாப்பா, வயசானவர இப்டி வெயில்ல இட்டாந்துக்கிற?" என்று என்னைத் திட்டிக்கொண்டே, தன்னுடைய பெரிய குடைக்குக் கீழே தாத்தாவைப் படுக்க வைத்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, மாங்காய் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரைத் தலையிலும் மார்பிலும் அக்குளிலும் ஊற்றினார். ஒரு அட்டையை எடுத்து என் கையில் திணித்து, "விசுறு" என்றார். தாத்தாவுக்கு நிதானம் வந்து கண்ணைத் திறந்து பார்த்த பிறகு, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரில் உப்பு போட்டுக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். காசு கொடுக்கப் போனேன். "தண்ணிக்கு எவனாவது காசு வாங்குவானா? போ" என்றார்.

தாத்தா தெளிய அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கூட்டம் கரையும் வரை நான்கு மணி வரைக்கும் அங்கேயே இருந்தோம். வீடு வந்து சேரும்போது விளக்கு வைக்கும் நேரம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மோர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலை

திங்கட்கிழமை பேப்பரைப் பிரித்தபோதுதான் முழு விவரம் தெரிந்தது. வான் சாகசத்தைப் பார்க்க வந்தவர்களில் 5 பேர் இறந்துபோயிருந்தார்கள். வெயிலிலும் நெரிசலிலும் மயங்கிப் பலர் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றார்கள். இறந்தவர்களில் இரண்டு பேர் எங்கள் பக்கத்து ஆட்கள். ஒருவர் திருவொற்றியூர், இன்னொருவர் கொருக்குப்பேட்டை. எங்களைப் போலவே காலையில் உற்சாகமாக வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள்.

யார் மீது தவறு என்று அரசியல் கட்சிகள் பேசின. தண்ணீர், போக்குவரத்து, நேரம் என்று கேள்விகள் எழுந்தன. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார் முதலமைச்சர். அந்த விவாதங்கள் எல்லாம் அவசியமானவைதான். ஆனால், எங்கள் வீட்டில் அன்று யாரும் எதையும் பேசவில்லை. தாத்தா பேப்பரை நான்காக மடித்துத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார். "அந்தம்மா மட்டும் இல்லன்னா, நானும் இதுல ஒரு வரி கண்ணு" என்றார்.

பழைய விமானங்களைப் பறக்கவிட்டுப் பார்ப்பது உலகம் முழுக்க நடக்கிறது. இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் போர்க்கால விமானங்களைக் காட்டுவதற்கென்றே ஒரு பழைய விமானத் தளம் இருக்கிறது. அமெரிக்காவின் ஆஷ்காஷ் ஊரில் ஒவ்வொரு கோடையிலும் ஒரு வாரம் திருவிழாவே நடக்கும். 2019-ல் நார்மண்டி தரையிறக்கத்தின் 75-வது ஆண்டு நினைவாக, பல நாட்டு டகோட்டாக்கள் ஒன்றாகக் கூடிப் பிரான்ஸுக்குப் பறந்தன. அங்கெல்லாம் பெரிய பயம், வயதான விமானம் கீழே விழுந்துவிடுமோ என்பதுதான். 2022-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இரண்டு பழைய விமானங்கள் வானில் மோதி 6 பேர் இறந்தார்கள். அதனால்தான் கூட்டம் எங்கே நிற்கலாம், விமானம் எங்கே பறக்கலாம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்.

மெரினாவில் வானத்தில் எந்தத் தவறும் நடக்கவில்லை. 80 வயது விமானம் பத்திரமாக வந்து, பறந்து, பத்திரமாகத் திரும்பியது. அதைப் பறக்கவிடுவதற்கு முன் எத்தனை பேர் எத்தனை முறை சோதித்திருப்பார்கள்! இன்ஜினில் தேங்கிய எண்ணெயைக்கூட விடாமல் பார்க்கிறார்கள். 84 வயது மனிதரைக் கூட்டிப்போன நான், தண்ணீர் பாட்டிலைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த முறை போகிறவர்களுக்கு...

போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பழைய விமானம் பறப்பதை நேரில் பார்ப்பது தனி அனுபவம். அப்துல் கலாம், எம்.ஐ.டி-யில் படிக்கும்போது அங்கே காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்கள்தான் தன்னை ஈர்த்தன என்று 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் அப்படி ஒரு பொறி விழலாம். போகும்போது இவற்றை மட்டும் மறக்காதீர்கள்:

* ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். 'அங்கே வாங்கிக்கொள்ளலாம்' என்று நினைக்கவே நினைக்காதீர்கள். ஓ.ஆர்.எஸ் பாக்கெட் நான்கைந்து பையில் இருக்கட்டும்.

* ஆளுக்கொரு தொப்பி அல்லது குடை. வெளிர் நிறப் பருத்தி உடை. வெறும் வயிற்றோடு கிளம்ப வேண்டாம்.

* முதியவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், இதயநோய், சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருந்தால், கூட்டத்தின் நடுவே போகாதீர்கள். விமானம் வானத்தில்தான் பறக்கிறது. ஓரமாக நிழலில் நின்றாலும் தெரியும்.

* முடிந்த உடனே எழுந்து ஓடாதீர்கள். நிழலில் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினால் பாதி ஆபத்து குறையும்.

* கூட்டத்தில் போன் வேலை செய்யாமல் போகலாம். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்பே ஓர் இடத்தைப் பேசி வையுங்கள். பிள்ளைகளின் பாக்கெட்டில் உங்கள் நம்பரை எழுதி வையுங்கள்.

* தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போங்கள். பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் பேசினால், உடம்பு கொதித்தால் அது வெப்பத்தாக்கம். உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை தண்ணீர் ஊற்றி, விசிறி, உடம்பைக் குளிர வையுங்கள். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தாத்தா 'ஷிஃப்ட் முடிஞ்சுதா' என்று கேட்டபோதே நான் 108-ஐ அழைத்திருக்க வேண்டும். அப்போது எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்துக்குப் போகப் பயமாக இருந்தால், நிற்கும் விமானங்களையாவது பார்க்கலாம். பெங்களூரில் எச்.ஏ.எல் அருங்காட்சியகம், டெல்லி பாலத்தில் விமானப் படை அருங்காட்சியகம், கோவாவில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கின்றன. விடுமுறைக்குப் பிள்ளைகளோடு போய்வரலாம்.

என் அத்தை அன்று ராயபுரம் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து, எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டே, தூரத்தில் ஜெட் விமானங்கள் வட்டமடிப்பதைப் பார்த்தாராம். "நீங்க ஏன் அவ்ளோ தூரம் போய் வெயில்ல செத்தீங்க?" என்று இன்றைக்கும் கேட்பார். "டகோட்டா உங்க மாடிக்கு வரல இல்ல?" என்பார் தாத்தா.

இப்போதும் அக்டோபர் பிறந்தால் தாத்தாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்துவிடுகிறது. வாசல்படியில் உட்கார்ந்து தம்பிக்கு இன்ஜின் பாடம் எடுக்கிறார். ரஃபேல் பைத்தியமாக இருந்தவன், இப்போது நோட்டுப் புத்தகத்தில் 14 சிலிண்டர் வரைந்து வைத்திருக்கிறான்.

"மறுபடி சென்னைக்கு டகோட்டா வந்தா போலாமா தாத்தா?" என்று போன வாரம் கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "போலாம். ஆனா, மொதல்ல அந்த மாங்காக்காரம்மாவத் தேடிப் போவணும். அவங்க குடைக்குக் கீழயே ஒக்காந்து பாக்கலாம். ஒரு கேன் தண்ணி நாம கொண்டுபோய்க் குடுத்துடலாம்."